ரசனைக்காரர்

ரசனைக்காரர் என்பவர், தெருவில் போகும் இளம்பெண்களைத் தாம் பாராட்டுவதாக மனப்பூர்வமாக நம்பும் ஆண். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை பெஞ்சு இவருக்கு ராசியான இடம். தனியாக இருக்கும்போது வாயே திறக்கமாட்டார். பக்கத்தில் இரண்டு நண்பர்கள் வந்து உட்கார்ந்தால்தான் ரசனை ஊறும்.

கிளி, மயில், சிட்டு ஆகிய சொற்கள் இவருக்குத் தோப்பிலிருந்து கிடைத்தவை. ஐட்டம், சரக்கு, பீஸ் எல்லாம் கடைத்தெருக் கொள்முதல். ஃபிகர் ஆங்கிலத்திலிருந்து வந்து கல்லூரி வாசலில் தங்கிவிட்டது. எல்லாமே பாராட்டுத்தான் என்பது இவர் கட்சி. "சூப்பர் ஃபிகர்னு சொன்னா சந்தோஷம்தானே படணும்?" அடுத்த பஸ்ஸில் இறங்கும் பெண்ணுக்கு அதே வாய் 'அட்டு ஃபிகர்' என்று மார்க் போடுவதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. இறங்கிய இருவருமே எந்தப் பரீட்சைக்கும் பணம் கட்டியவர்கள் அல்ல.

கொஞ்சம் படித்த ரசனைக்காரராக இருந்தால் இலக்கியத்தைத் துணைக்கு இழுப்பார். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவமாகப் பிரித்து ரசித்த மரபாயிற்றே! மரபு உண்மைதான். ஆனால் பேதை என்பவள் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி என்று எடுத்துச் சொன்னால் பேச்சு சட்டென்று மெரினா காற்று பக்கம் திரும்பிவிடும். இந்த ஏழு பருவத்தாரும் அணிவகுக்கும் உலா இலக்கியமோ இவருக்கு இன்னும் பாதகம். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவிலும் சரி, ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் சரி, வீதியில் பவனி வருபவன் தலைவன். பார்த்து உருகுபவர்கள் பெண்கள். தலைவன் யாரைப் பார்த்தும் விசிலடிப்பதில்லை.

குற்றம் முழுவதையும் சொல்லின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. தமிழகத்தில் கோழிக்கும் நாய்க்கும் சொல்லப்படும் 'பெட்டை', யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாதாரணமாகப் பெண்பிள்ளையைக் குறிக்கும். அங்கே தாயே மகளை அப்படிச் சொல்வாள். மகளும் பதிலுக்கு வாயாடுவாள். ரசனைக்காரருக்கு ஒத்துவராதது இந்த வாயாடல்தான். பாராட்டு அவள் காதில் விழவேண்டும், ஆனால் பதில் வரக்கூடாது. லேப்டாப் பையோடு நின்ற பெண் நேராக பெஞ்சுக்கு வந்து, "என்னண்ணே சொன்னீங்க? சரியா கேக்கல" என்று கேட்டுவிட்டால், கிளாஸின் அடியில் கிடக்கும் டீத்தூள் திடீரென்று முக்கியமாகிவிடும். "உங்களை இல்லம்மா, பொதுவா சொன்னேன்." 'அக்கா தங்கச்சியோட பொறக்கலையா' என்ற பழைய கேள்வியும் சேர்ந்து வந்தால் நண்பர்களைப் பார்ப்பார். நண்பர்கள் பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் 1998-இலேயே வந்துவிட்டது. அந்தப் பெயரிலிருந்த 'டீசிங்', ஏதோ முறைப்பையன் கேலி போல ஒலித்து, இவருக்குத் தெம்பாகவே இருந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே அதைக் குறிப்பிடச் சொல்லிவிட்டது. ரசிக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று இவர் நொந்துகொண்டார்.

ஐம்பதை நெருங்கும்போது இந்த ரசனை வற்றி, கலாச்சாரக் கவலையாக மாறும். பெஞ்சு அதேதான். துப்பட்டா போடாமல் போகிற பெண்ணைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைங்க எல்லாம் கெட்டுப்போச்சுங்க" என்று, இப்போதும் அவளுக்குக் கேட்கிற அளவில்தான் சொல்வார்.