கெண்டைக்காலார்

கெண்டைக்காலார் உட்காரும் அழகே தனி. வலது பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, காலை எதிர் நாற்காலியில் போட்டு, குளத்தங்கரையில் தூண்டில் போட்டவர் மாதிரி கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் விரலை உயர்த்துவார். "உஸ்... இப்ப... இப்ப... பாத்தீங்களா சார்?"

எனக்கு முடிதான் தெரிந்தது. உடனே செல்போனை நீட்டினார். ராத்திரி 2 மணிக்கு எடுத்த வீடியோ. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மீன்குஞ்சு மாதிரி புரண்டு படுத்தது. அந்த இடத்துக்குக் கெண்டை என்று பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் துடிப்புக்கு வைத்தியம் கிடையாது, பலன்தான். அசோகவனத்தில் சீதைக்கு இடக்கண் துடித்தது, அனுமன் வந்தான். புகாரில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன. யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்பது அங்கேயே முடிந்துபோன விஷயம். யாரும் நரம்பு டாக்டரைத் தேடிப் போகவில்லை. நம்மவர் சகுனம் பார்க்கிறவர் இல்லை, படித்தவர். அதனால் கூகுள் பார்த்தார். மோட்டார் நியூரான் நோய் என்று வந்தது.

"மோட்டாரா? போன மாசம்தானே காயில் கட்டினோம்?" என்றார் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

அந்த நோய் விளையாட்டில்லை. தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்; கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அது வந்த வீட்டில் இதையெல்லாம் பேசிச் சிரிக்க முடியாது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருஷம் என்று கெடு வைத்தார்கள். மனிதர் 2018 வரை இருந்தார். கெண்டைக்காலாருக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஹாக்கிங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது துடிப்பு இல்லை, தடுமாற்றம் என்பதை மட்டும் அவர் மனது படிக்க மறுக்கிறது. பலம் குறையாமல் சதை மட்டும் துடித்தால் பெரும்பாலும் அது தூக்கம் கெட்டதாலோ, காபியாலோ, கவலையாலோ வருவது. அவர் மூன்றையும் முறை வைத்து வளர்க்கிறார். துடிக்கிறதே என்று தூங்குவதில்லை. தூங்கவில்லையே என்று காலையில் மூன்று டம்ளர் காபி. காபி உள்ளே போனதும் கெண்டை துள்ளுகிறது.

பலம் இருக்கிறதா என்று நாள் முழுக்கச் சோதனை வேறு. லிஃப்டுக்கு நிற்கும்போது நுனிக்காலில் நிற்பார். ஆள் இல்லாத நேரம் ஒற்றைக்காலில் நொண்டியடிப்பார். ஊறுகாய் பாட்டிலை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை திறந்து மூடியதில் மூடியின் மரைதான் பலம் இழந்தது. நாக்குக்கும் பரீட்சை உண்டு: கண்ணாடி முன்னால் நின்று "வாழை, கோழி, கிழவி." ஒருநாள் முகம் வெளுத்து வெளியே வந்தார். "ஏய், எனக்கு 'ழ' வரல."

"உங்களுக்கு என்னிக்கு வந்துச்சு? பொண்ணு பாக்க வந்தப்பவே 'வாளப்பளம்'னுதான் கேட்டீங்க."

கடைசியில் நரம்பு டாக்டர் கையைக் காலைத் தள்ளிப் பார்த்து, சுத்தியலால் முட்டியைத் தட்டி, "ஒண்ணுமில்ல" என்றார். நம்மவர் எழுந்திருக்கவில்லை. இ.எம்.ஜி. எடுத்தே ஆகவேண்டும். தசைக்குள் ஊசியை விட்டு அதன் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்கும் சோதனை அது. சும்மா கிடக்கும் தசை சத்தம் போடக்கூடாது. மூன்று மாதம் ராப்பகலாகத் துள்ளிய கெண்டை அன்றைக்குப் பார்த்து மௌன விரதம். "நேத்து வந்திருந்தீங்கன்னா கேட்டிருக்கலாம் டாக்டர்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாராம்.

டாக்டர் பொறுமைசாலி. இப்படி வெறும் துடிப்போடு வந்த 121 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 1993-ல் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை என்றார். அந்த 121 பேரில் மருத்துவத் துறைக்காரர்களே நிறைய என்பதையும் சொல்லிச் சிரித்தார்.

"122-வது ஆள் நானா இருந்தா?" என்றார் கெண்டைக்காலார்.

ரிப்போர்ட்டை அவர் ஐந்து நாள் நம்பினார். ஆறாம் நாள், ஊசி குத்தியது தப்பான இடமோ என்று ஆரம்பித்துவிட்டார். முழுசாக நம்பியவர் அவர் மனைவி ஒருவர்தான். நான் போயிருந்தபோது வாசலில் சிலிண்டர் வந்து இறங்கியிருந்தது.

"ஏங்க, உள்ள தூக்கி வைங்க. பலம் நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரில்ல?"

தூக்கினார். இரும்பும் கேஸுமாக முப்பது கிலோ இருக்கும். அடுப்படிவரை நேராக நடந்து, சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். நிமிர்ந்தவர் இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"நடுங்குது, பாத்தீங்களா சார்?"

"காலி சிலிண்டர் பின்னால இருக்கு" என்றார் மனைவி.