மழையை வையாதவன்

மதுக்கரையில் பிறந்து வளர்ந்தவன் உலகத்தில் எதை வேண்டுமானாலும் வையலாம். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளிலிருந்து எழுந்து வந்து வெள்ளை வேஷ்டியையும் கறுப்புக் குடையையும் ஒரே நிறமாக்கிவிடும் தூசியை வையலாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்து, கூரை ஓட்டை எண்ணிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் காற்றை வையலாம். மலையிலிருந்து இறங்கி இராத்திரியோடு இராத்திரியாக வாழைத்தோப்பில் போஜனத்தை முடித்துக்கொண்டு போகும் யானையைக்கூட, அது காது கேளாத தூரம் சென்றுவிட்டது என்பதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, மனம் ஆறும்வரை வையலாம். மழையை மட்டும் வையக் கூடாது. என் ஆத்தா படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்து ஒழுகிய ஒரு இரவில், அவள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்து, "வரட்டும், மகராசி இப்பவாச்சும் வந்தாளே" என்று கும்பிட்டதை நான் சிறுவனாக இருந்தபோது கண்ணால் கண்டிருக்கிறேன். கல்யாணப் பந்தல் சரிந்து சம்பந்திகள் இரு தரப்பாரும் சொட்டச் சொட்ட நின்றாலும், "நல்ல சகுனமுங்க" என்றுதான் எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வார்கள்.

இதற்குக் காரணம் பக்தியன்று, பூகோளம். தென்மேற்குப் பருவத்து மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துப் பக்கத்திலேயே மறித்துப் பிழிந்துகொள்கிறது. கணவாயின் வழியாகத் தப்பி வரும் மிச்சம் எங்களுக்குச் சாரலாகத் தூவிவிட்டுக் கிழக்கே ஓடிவிடுகிறது. வடகிழக்குப் பருவத்து மேகங்களோ, வங்கக் கடலில் புறப்பட்டு, சோழநாட்டுக்கும் திருச்சிக்கும் கரூருக்கும் தானதர்மங்களைச் செய்துவிட்டு, கோயம்புத்தூர் எல்லைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் கையை விரித்துக் காட்டுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் எங்களுக்கு வாய்ப்பது 600, 700 மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு வெறும் புகையைக் கண்டவர்களும், வீடு வீடாய்ச் சென்று மழைச்சோறு வாங்கி ஊர் எல்லையில் வைத்து அழுதவர்களும் எங்களிடையே மலிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சீமையிலிருந்து புறப்பட்டு, ஐப்பசி முதல் தை வரை நான் வேதாரண்யத்தில் வாசம் செய்ய நேர்ந்தது.

என் மகள் அங்கே குடியிருக்கிறாள். மருமகன் கால்நடை வைத்தியர். தூசியினால் வந்த இருமல் எனக்கு நீங்காதிருந்ததைக் கண்டு, சீதோஷ்ணம் மாற வேண்டும் என்று ஊர் வைத்தியர் யோசனை சொல்ல, மருமகன் உடனே தொலைபேசியில், "மாமா, ஐப்பசியில வாங்க, அப்பத்தான் வெயிலே இருக்காது" என்றார். இதைவிடச் சத்தியமான வாக்கியத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. போய் இறங்கிய தினத்திலிருந்து, சூரியன் என்று ஒன்று உண்டு என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

நாகப்பட்டினம் கரையில் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் மட்டும் பெய்வது எங்கள் ஊரில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். இந்தக் கணக்கு எனக்கு முன்னமே தெரியும். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்வதற்கும் கணக்குக்குள்ளேயே குடியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர் மழை விருந்தாளியைப்போல் முன்கூட்டியே அறிவித்து, மேற்கே கறுத்து, மண்வாசனையை அனுப்பி, எல்லோரும் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகு நாலு தூற்றல் போட்டுவிட்டு விடைபெற்றுக்கொள்ளும். அவ்வூர் மழைக்கு அந்தச் சம்பிரதாயங்கள் எவையும் கிடையா. காலையில் பெய்யும், பெய்ததை மறந்துவிட்டதுபோல் மத்தியானம் மறுபடியும் பெய்யும், இரவில் கடற்காற்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பெய்யும். குடை என்பது மழை மேலேயிருந்து வரும் என்று நம்பியவர்கள் கண்டுபிடித்த கருவி.

கொடியில் போட்ட வேஷ்டி ஈரமாகவே பழுத்தது. இடுப்பு வார் பச்சைப் பூசணம் பூத்தது. தீப்பெட்டியைக் குச்சி குச்சியாகக் கிழித்து முடித்துவிட்டு, என் மனைவி அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வித்தையைப் பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைத்தது உப்பு. உப்பளங்களுக்குப் பேர்போன அந்த ஊரில், அடுக்களை ஜாடியில் இருந்த உப்பு கார்த்திகைக்குள் நீராகி, குழம்புக்குக் கரண்டியால் ஊற்றும் பதார்த்தமாகிவிட்டது. வெளியே பாத்திகளெல்லாம் ஏரிகளாகிக் கிடந்தன. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, அம்மாதம் 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அவர் சித்திரையைத் தேர்ந்தெடுத்ததில் எத்தனை தீர்க்கதரிசனம் இருந்தது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். கார்த்திகையில் வந்திருந்தால், போலீஸாருக்குத் தடியை ஓங்கும் சிரமமே இருந்திராது. அள்ளுவதற்கு உப்பு இல்லாமல் சட்டம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் அனுபவித்துக்கொண்டு, நான் மழையை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக, மழையைத் தவிர மழையோடு சம்பந்தப்பட்ட சகலத்தையும் வைது தீர்த்தேன். குடையை வைதேன், குடைக் கம்பியைச் செய்தவனை வைதேன், கொடிக்கயிற்றையும், வழுக்கிய செருப்பையும், இராத்திரி முழுவதும் ஜன்னலுக்கு அடியில் கச்சேரி செய்த தவளைகளையும் வைதேன். என் பேரன் ஒரு நாள் சாவதானமாக, "அப்பச்சி, மழை பெய்யறதுனாலதானே இதெல்லாம்?" என்று கேட்டான். "மழையைப் பத்திப் பேசாதே கண்ணு" என்று அவன் வாயை அடைத்தேன்.

அவ்வூராருக்கோ இந்தச் சங்கோஜம் கிஞ்சித்தும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார்; சம்பா போட்டிருந்தவர். அவர் ஒவ்வொரு காலையும் திண்ணைக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, உடன்பிறந்தவர்களுக்குள் சொத்து வழக்கு நடக்கும்போது மட்டுமே கேட்கக்கூடிய சொற்களால் மழையை அர்ச்சிப்பார். "சனியன் புடிச்சது, ஓயுதா பாருங்க! பயிரு முங்கிப் போச்சு. பெஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும்" என்று அவர் ஆரம்பித்தால், நான் காதைப் பொத்திக்கொள்வதா, கேட்டு உள்ளூர மகிழ்வதா என்று தெரியாமல் தவிப்பேன். அந்த உரிமை அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தக் கரையை ஏறிய கஜா புயலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மட்டும் அவர் குரல் தணிந்துவிடும். லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்த அந்த இரவை அவர் ஒரு நாளும் வைது நான் கேட்டதில்லை. இன்ன காரியம் கஜாவுக்கு முன்னால், இன்னது பின்னால் என்று தேதி சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

மதுக்கரையிலிருந்து தொலைபேசிகள் வந்தன. அவைதாம் சித்திரவதை. "ஏனுங்க, அங்க நல்ல மழைங்களாமா?" என்று சிநேகிதர்கள் கேட்கும்போது, அந்தக் குரலில் இருந்த ஏக்கம், பெரிய வீட்டு விருந்துக்குப் போனவனிடம் என்ன பலகாரம் போட்டார்கள் என்று விசாரிப்பவனுடைய ஏக்கமாகவே இருந்தது. "ஆமாங்க, நல்ல மழைங்க" என்பேன். "குடுத்து வெச்சவருங்க!" என்பார்கள். ஈரத் துண்டால் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்று சொல்வேன்.

இந்த நிலையில்தான் மருமகன், என் மனத்தைத் தேற்றும் உத்தேசத்தோடு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் கொருக்கையிலுள்ள அரசு கால்நடைப் பண்ணைக்கு என்னை அழைத்துச் சென்றார். உம்பளச்சேரி இன மாடுகளைப் பேணுவதற்கென்று 1968-இல் ஏற்பட்ட பண்ணை அது. மாடு என்றால் கொங்கு நாட்டானுக்கு ஒரே மாடுதான் உண்டு. கிளுவை வேலி கட்டிய கொரங்காட்டில், வெள்வேல மரத்து நிழலில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, கொம்பு இரண்டும் பின்னே வளைந்து நுனியோடு நுனி முட்டப் பார்க்கும் காங்கேயம் காளை. காரியா, மயிலையா, செவலையா என்று நிறம் பிரித்து, திமிலின் சரிவைத் தடவிப் பார்த்து, கண்ணபுரம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய பரம்பரையில் வந்தவன் நான். எங்கே போனாலும் ஒரு மாட்டைக் கண்டால், காங்கேயத்தோடு ஒப்பிட்டு இரக்கப்படுவது எனக்கு இயல்பு.

கொருக்கையில் இரக்கப்படுவதற்கு நிறைய வசதி இருந்தது. மாடுகள் குட்டை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களில் வெள்ளைக் காலுறை, வால் நுனியிலும் வெள்ளை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஜோடித்ததுபோல் இருந்தன. கன்றுகள் செம்மையாய்ப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் வழக்கம் எங்கள் காங்கேயத்திலும் உண்டாகையால், அதைக் கண்டதும் தூரத்துச் சொந்தக்காரனைச் சந்தித்த உணர்ச்சி எழுந்தது; மாட்டு சாஸ்திரம் அறிந்தவர்களும் இரண்டையும் பந்துக்கள் என்றே சொல்லுகிறார்கள். ஆனால் பண்ணைக்கு வெளியே உழவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜோடிக்குக் கொம்பைக் காணோம்! இளங்கன்றாக இருக்கும்போதே எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது அச்சீமையின் வழக்கமாம். காதையும் கூராகக் கத்தரித்துவிடுவார்களாம். ஊரில் அதற்கு மொட்டை மாடு என்றே பெயர். கொம்பில்லாத காளையைக் காங்கேயத்துக்காரனுக்குக் காட்டுவது, கோபுரமில்லாத கோயிலைத் தஞ்சாவூர்க்காரனுக்குக் காட்டுவதற்குச் சமானம்.

மாட்டுக்காரரிடம், "ஏனுங்க, இந்த அழகைப் போயி எடுத்துட்டீங்களே?" என்று கேட்டேன்.

"ஐயா எந்தப் பக்கம்?" என்றார் அவர்.

சொன்னேன்.

"அப்படிங்களா. அந்தப் பெரிய கொம்பு மாட்டை இந்தச் சேத்துல இறக்கினா, நாம மாட்டை ஓட்ட மாட்டோம்ங்கய்யா. வடம் போட்டு மாட்டைத் தூக்கிக்கிட்டிருப்போம்."

பதில் சொல்வதற்குள் அந்த மொட்டை ஜோடி ஒரு தாளடி வயலில் இறங்கியது. டிராக்டர் இறங்கினால் அடுத்த போகத்தில்தான் வெளியே வரும் என்று சொல்லத்தக்க மூலை அது. முழங்கால் புதையும் சேற்றில், நுகத்தடியின் கீழ் தோளோடு தோள் உரசிக்கொண்டு, அவை ரெயில் தண்டவாளத்தில் போவதுபோலப் போயின. கொம்பு இருந்திருந்தால் அந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருக்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. எங்கள் காளை கல்லும் கரிசலுமான மேட்டுக் காட்டுக்கும், கவலை இறைப்பதற்கும், பாரவண்டிக்கும் பிறந்தது. அதற்கு முன்னால் இதை நிறுத்தினால் இது சிறுத்துப்போகும். ஆனால் இந்தச் சேற்றில் அதைக் கொண்டுவந்து விட்டால், நான் எப்படி நிற்கிறேனோ அப்படித்தான் அதுவும் நிற்கும். இந்தச் சிந்தனையில் லயித்தபடி வரப்பில் ஒரு அடி முன்னே வைத்தவன், அடுத்த நொடி வரப்பில் இல்லை.

சேற்றில் உட்கார்ந்தபோது, அதே சமயத்தைப் பார்த்து மழையும் வலுத்தது. ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்திருந்த சொற்களெல்லாம் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையாக நின்றன. மாட்டுக்காரர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஆத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தது நினைவுக்கு வந்து தொலைத்தது. "நல்ல மழைங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, விஷயத்தைக் கேட்டறிந்தார். பிறகு மிகுந்த அனுதாபத்தோடு, "ஐயா, உங்க ஊரு வழக்கத்தை எதுக்கு உடணும்? நீங்க சும்மா இருங்க, நான் வையுறேன்" என்று சொல்லி, வானத்தை நோக்கி ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் வைதார். சோழநாட்டுத் தமிழின் வளத்தை நான் அன்றுதான் பூரணமாக அறிந்தேன். கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்ளலாமென்றால், வானத்தினிடம் வைத்துக்கொள்ளக் கூடாதா? வீட்டுக்கு வந்ததும் திண்ணைப் பெரியவரிடம் இந்த ஏற்பாட்டைப் பிரஸ்தாபித்தேன். அவரும் மனமுவந்து சம்மதித்தார். அதுமுதல் ஒவ்வொரு காலையும் தம் பங்கை முடித்துக்கொண்டு, "இது மதுக்கரை ஐயாவுக்கு" என்று தனியாக இரண்டு வாக்கியம் சேர்த்து வைவார். என் ஜீரணசக்தி விருத்தியடைந்தது.

மார்கழியில் மழை கொஞ்சம் மூச்சு வாங்கியபோது கோடியக்கரைக்கும் போய்வந்தோம். 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்களோடு, சொந்தக்காரன் யாரென்று தெரியாத மட்டக்குதிரைகள் தம் இஷ்டத்துக்குத் திரிகின்றன. கணக்கெழுத குமாஸ்தாவும் தீவனம் வைக்க ஆளும் இல்லாமல், குதிரைகளே நடத்திக்கொள்ளும் பண்ணை என்று அதைச் சொல்லலாம். சதுப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. கட்ச் வளைகுடா முதலிய தூர தேசங்களிலிருந்து வந்து, பனிக்காலத்தை அந்தச் சகதியில் கழிப்பதற்கு அவற்றை எந்த மருமகனும் அழைக்கவில்லை என்பதை நினைத்தபோது, அவற்றின் புத்தியின்மீது எனக்குச் சிறிது சந்தேகம் உண்டாயிற்று.

இருமல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். போய்விட்டது. ஜலதோஷம் வந்துவிட்டதால் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

தை பிறந்து, கதிர் முற்றி, ஊருக்குப் புறப்படப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, "குடுத்து வெச்சவருங்க" என்று மாதக்கணக்காக என்னை வாழ்த்திய சிநேகிதரிடமிருந்து தொலைபேசி வந்தது. மதுக்கரையில் கார்த்திகையும் பொய்த்து, போரில் தண்ணீர் இன்னும் கீழே போய்விட்டதாம். "ஏனுங்க, வர்ற ஐப்பசிக்கு நாங்களும் அங்க வந்து கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமுங்களா? கண்ணால மழையைப் பார்த்து எத்தனை நாளாச்சுங்க!" என்றார்.

"தாராளமாப் போலாமுங்க" என்றேன். "குடை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, வீண் சுமை. பக்கத்து ஊட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, போனதும் அவரை ஒருக்காப் பார்த்துப் பேசிக்குங்க."