முகப்பு விளக்கு இயல்

காரின் ஹெட்லைட் பல்பு பியூஸ் போவது இருவகைப்படும்: உடையவன் தானே கண்டறிவது, பிறர் சொல்லக் கேட்டறிவது. முன்னது அரிது. சிக்னலில் நிற்கையில் முன்வண்டியின் முதுகில் ஒற்றை வெளிச்சம் விழுவதைக் கவனிப்போர் மிகச் சிலரே. பின்னதில் "சார், ஒரு லைட்டு எரியல" என்று பைக்காரர் கத்திவிட்டுப் போவதும், போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டுவதும் அடங்கும். காவலர் சொல்வதைத் தனி வகையாக்க வேண்டும் என்பாரும் உளர், அதற்கு ரசீது உண்டு என்பதால்.

இனி இழை பற்றியது. நம் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 பல்பு. ஒரே குப்பிக்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்கு அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. எதிரே வருபவர் கண் கூசாமல் காப்பது அதுவே. டிம் மட்டும் போனால் பிரைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுபவரை 'இருப்பதை வைத்து நடத்துவோர்' என்க. அவர் பக்கம் இரு விளக்கும் எரிகின்றன, சாலையும் பளிச்சென்று தெரிகிறது. தொல்லை முழுதும் எதிர்வண்டிக்கே. இந்நோய் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதன் காரணம் இதுதான். சோம்பல் என்பது பிறர் கட்டிய கதை.

மாற்றும் இடமும் இரண்டு: பேட்டரி இல்லாப் பக்கம், பேட்டரிப் பக்கம். முன்னதில் கப்ளரை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வரும். பின்னதில் கை போனால் கண் போகாது, கண் போனால் கை போகாது. கிளிப்பின் வளைந்த முனையை விரல் நுனியால் தடவித் தேட வேண்டும். அது கழலும்போது பட்டெனக் கழலும். மாட்டும்போது கொக்கியை ஒட்டியே நழுவும். பல்பின் விளிம்பில் மூன்று காதுகள், மேற்காது அகலமானது. அதற்குரிய பள்ளத்தில் உட்காராத பல்பு சாலையை விட்டுப் புளியமரத்துக் காக்கைக்கூட்டைத் தேடும்.

ஆலசன் பல்பின் கண்ணாடியைத் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுமீறிச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். இவ்விதியை ஒட்டித் தொட்டவர், தொட்டுவிட்டு வேட்டியில் துடைத்தவர் என இரு சாரார். தொடாதவர் என்னும் மூன்றாம் சாரார் ஏட்டில் மட்டும் உளர்.

இரு பக்கத்துப் பல்புக்கும் ஒரே வயதாகையால் ஜோடியாக மாற்றுக என்பது விதி. ஒன்றை மட்டும் மாற்றுவது வழக்கு.

புறனடை: வெளிச்சம் போதாதென்று 100 வாட் பல்பு மாட்டி ஹோல்டரை உருக்கியோர் ஒயரிங் இயலுக்குரியர். பல்பைத் தனியே கழற்ற வழியின்றி, போனால் முழு செட்டையும் மாற்றச் சொல்லும் புது எல்இடி கார்கள் கடன் இயலில் அடங்கும்.