பாட்டு டீச்சர் வந்திருக்கிறார்

ஜூன் மாதம் பெருங்களத்தூரிலோ முடிச்சூரிலோ ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் பாட்டு டீச்சரை ஸ்டாஃப் ரூம் இரண்டே கேள்விகளில் எடை போட்டுவிடும். "வீடு எங்க மிஸ்?" என்பது ஒன்று. "கணக்கு எடுப்பீங்களா?" என்பது மற்றொன்று. இரண்டாவதில் கேலி துளியும் கிடையாது. கணக்கு சார் லீவு போட்டால் எட்டாம் வகுப்பைக் கட்டி மேய்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். பைக்குள் வெந்நீர் ஃபிளாஸ்க், செல்போனில் தம்பூரா செயலி, எந்நேரமும் கொஞ்சம் கட்டிய தொண்டை, கையில் ஒரு பெயர்ப் பட்டியல் என்று அலையும் இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அந்தச் சிரிப்பைத் துருவிக்கொண்டே போனால் பள்ளிக்கூடத்தின் ஏற்பாட்டில்தான் போய் முட்டும். பாடம் நடத்த இவரை யாரும் கூப்பிடவில்லை. விழா நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

காலண்டரைப் புரட்டினாலே தெரியும். ஜூனில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் தொடங்குவார். முதல் வரிசை வாயில் நிற்பதற்குள் ஜூலை 15. காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், அதற்கொரு பாட்டு. மூச்சு விட்டால் ஆகஸ்ட் 15, கொடிப் பாட்டு. செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களை வாழ்த்திப் பாடப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் இவர்தான். தனக்கான வாழ்த்துக்குத் தானே ஒத்திகை பார்க்கும் உத்தியோகம் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு நவம்பர் 14, பொங்கல், குடியரசு தினம், ஆண்டு விழா. நடுவே எஞ்சும் பீரியட்களை, "போர்ஷன் முடியல, இந்த வாரம் மட்டும் குடுங்க மிஸ்" என்று அறிவியல் டீச்சர் வாங்கிக்கொள்வார். அந்த வாரம் மார்ச் வரை நீளும். தப்பித்தவறிக் கிடைக்கும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில், பல்லாவரம் பக்கம் என்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் மேல் ஸ்தாயியில் குறுக்கிடும். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி என்றால் எக்ஸ்பிரஸின் ஹாரன். பிள்ளைகள் சட்ஜமத்தை விட்டுவிட்டு ஹாரனோடு சுருதி சேர்வார்கள். அச்சுப் பிசகாமல் சேர்வார்கள் என்பதுதான் டீச்சரின் வேதனை.

அரசு ஆள் போடத்தானே செய்கிறது என்பார்கள். உண்மை. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி முதலியவற்றுக்காகத் தமிழகம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். மூன்று அரை நாளில் ஒரு வரவேற்புப் பாட்டைத் தேற்றிவிடலாம், இசையைத் தேற்ற முடியாது. சரி, இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைத் திருவிழா என்று போட்டி நடக்கிறதே? நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் போட்டி என்று வந்தால் ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைத் தேடுவதுதான் பள்ளியின் புத்தி. சேலையூரில் கீபோர்டு கிளாஸ் போய் லண்டன் டிரினிட்டி கிரேடு முடித்த பையன் மேடை ஏறுவான்; இறங்கி வந்து, "மிஸ், நீங்க குடுத்தது சி ஷார்ப் இல்ல" என்று திருத்தவும் செய்வான். காசு கட்டிக் கற்க முடியாத மற்றவர்களுக்குப் பாட்டு டீச்சரை விட்டால் ஆள் இல்லை. அவர்கள் கைதட்டும் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்தப் பிள்ளைங்களுக்குப் பாட்டு எங்க வரும்?" என்பது ஹெச்.எம். ரூமின் கடைசி வாதம். இதை மட்டும் ஒப்புக்கொள்ளவே முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, மோகன ராகம், திஸ்ர நடை, 55 விநாடி என்று அரசே வரையறுத்தது. இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகப் பாடச் சொன்னதும் அந்த ஆணைதான். பாட்டு டீச்சருக்கு இருக்கும் உருப்படியான வேலை உத்தரவாதம் அந்த 55 விநாடி. கடைசி வரிசை சற்றுப் பின்தங்கும், மைக் கரகரக்கும், இருந்தாலும் ஒரு பள்ளிக்கூடமே அன்றாடம் காலையில் மோகனத்தைப் பாடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறது. பாடியது மோகனம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட் போதும். அதைத்தான் அறிவியல் டீச்சர் வாங்கிப் போயிருக்கிறார்.