பைண்டிங் கடைக்காரருக்கே டாக்டர் பட்டம் கொடுங்கள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் விஞ்ஞானம் பொங்கி வழியும். நம்பாதவர்கள் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். பசை வாடைக்கு நடுவே கண்டுபிடிப்புகள் அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருக்கும். அட்டையில் தங்க எழுத்து. உள்ளே நான்கு மாணவர்களின் பெயர், ஒரு வழிகாட்டியின் பெயர், ஒரு துறைத்தலைவரின் பெயர்.

கடைக்காரருக்கு எல்லாம் அத்துப்படி. இடப்பக்க மார்ஜின் எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த நிற அட்டை, நன்றியுரை எத்தனையாவது பக்கத்தில் வர வேண்டும், எல்லாம். “கைடு கையெழுத்து விட்டுப்போச்சே தம்பி” என்று கண்டுபிடித்துச் சொல்வதும் அவர்தான். அந்த ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிய ஒரே மனிதர் அவர். எழுதியவர்களும் புரட்டவில்லை. கையெழுத்துப் போட்டவரும் புரட்டவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் சாப்பாட்டு நேரம் பார்த்தார்.

‘எழுதியவர்கள்’ என்றேன். அது மரியாதைக்காக. எழுதியவர் சென்னை தியாகராய நகரிலோ கோவை காந்திபுரத்திலோ ஒரு மாடியில் இருக்கிறார். போர்டில் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ என்று இருக்கும். அடிப்படையாக வைக்கும் பழைய கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது முதல் வைவாவில் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்லித்தருவது வரை அங்கே எல்லாம் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய். நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான். கல்லூரிக்கு இது தெரியாதா? தெரியும். சில இடங்களில் சென்டரின் விசிட்டிங் கார்டைக் கொடுப்பதே உள்ளே இருப்பவர்கள்தான்.

சரி, அப்படி என்னதான் கண்டுபிடிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் கருவி. ஆண்டு தவறாமல் கண்டுபிடிக்கிறார்கள். அதே வகுப்பில் ஆசிரியர் இன்னமும் வாயால் ரோல் நம்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மண்ணின் ஈரம் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி. கல்லூரித் தோட்டத்தில் ஹோஸ் பைப்போடு நிற்பவரின் வேலைக்கு இதுவரை ஆபத்து வரவில்லை. பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் குச்சி. இதுதான் உச்சம். ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒரு ஸ்மார்ட் குச்சி பிறக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்தில் போய் நில்லுங்கள். பார்வையற்றவர் கையில் அதே பழைய வெள்ளைக் குச்சிதான். செய்தவர்களில் யாராவது ஒரு பார்வையற்றவரிடம் “உங்களுக்கு இது வேண்டுமா?” என்று கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் கேள்விக்கு மதிப்பீட்டு அட்டவணையில் மதிப்பெண் கிடையாது.

பையன்களைத் திட்டாதீர்கள். வழிகாட்ட ஆள் வேண்டாமா? வழிகாட்டி எங்கே? 2024 ஜூலையில் ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர் என்று காட்டப்பட்டவர்களில் 350 பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் அடக்கம். ஒரே மனிதர் ஒரே காலையில் மூன்று மாவட்டங்களில் பாடம் நடத்துகிறார் என்றால், நேரத்தையும் வெளியையும் பற்றி அவர்தான் ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும். நோபல் நிச்சயம். கல்லூரிகளைப் பார்வையிட வந்த குழுக்கள் ஆண்டுதோறும் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டுப் போயின. திருப்தியாகத்தான் போயிருப்பார்கள்.

பொறியியலை விடுங்கள், உடல்நலத்துக்கு வருவோம். நர்சிங் கல்லூரி ஆய்வேடுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்திருக்கிறீர்களா? ஒன்றைப் படித்தால் போதும். “தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மார்களிடம், இன்ன நோய் குறித்த அறிவின் மீது கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் செயல்திறனை மதிப்பிடும் ஆய்வு.” நோயின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அறுபது தாய்மார்கள். முதலில் கேள்வித்தாள். பிறகு அரை மணி நேரம் படம் காட்டி விளக்கம். மறுபடி அதே கேள்வித்தாள். முடிவு: அறிவு உயர்ந்தது! அடேயப்பா. விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்டால் விடை வருகிறது என்பதைப் பல்லாண்டுகளாக நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம். அந்தக் கிராமத்துக்கு ஆறு மாதம் கழித்து யாரும் போனதில்லை. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் காலியாக இருந்தால் அது ஆய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

கல்வியியல் இன்னும் அமைதியான துறை. முந்நூறு மாணவர்கள், ஒரு மனப்பான்மை அளவுகோல், ஒரு டி-சோதனை. ஆண் பெண் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நகரம் கிராமம் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடைசி அத்தியாயத்தில் ‘அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று ஒரு பரிந்துரை. அரசு எடுக்கிறது. ஆய்வேட்டை எடுத்துப் பரணில் வைக்கிறது.

இதெல்லாம் எப்படி வந்தது? சோம்பலால் வந்தது என்று சொன்னால் அது சோம்பேறிகளுக்கு அவமானம். இது உத்தரவு போட்டு வரவழைத்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக்குழு, முனைவர் பட்டம் வேண்டுமானால் ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும் என்றது. 2010இல் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிகள் வைத்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை. எதை எண்ணுகிறீர்களோ அதுதான் விளையும். தரத்தை எண்ண முடியாது. எண்ணிக்கையை எண்ணலாம். எண்ணினார்கள்.

தேவை வந்தால் கடை வராதா? காசு கொடுத்தால் கட்டுரை போடும் இதழ்கள் மழைக்காளான்களாய் முளைத்தன. பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருக்கும். அலுவலகம் ஏதோ ஒரு ஃபிளாட்டின் இரண்டாவது படுக்கையறை. போலி இதழ்களைப் பற்றி 2015இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஷென்னும் பியோர்க்கும் கணக்குப் பார்த்தார்கள். அவற்றில் எழுதியவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் இந்தியர்கள். வெளியிட்டவர்களில் 27 சதவீதம் இந்தியர்கள். உற்பத்தியும் நாமே, நுகர்வும் நாமே. தற்சார்பு என்ற சொல்லை அரசியல்வாதிகள் பிடித்துக்கொள்வதற்கு முன்பே பேராசிரியர்கள் சாதித்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் தொடங்கிய ஓமிக்ஸ் என்ற இதழ் வெளியீட்டுக் குழுமத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலர் கட்டச் சொன்னது. வழக்குப் போட்டது அமெரிக்காவின் வணிக ஆணையம். நம் ஆணையங்கள் அந்த நேரத்தில் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட இதழ்களில் ‘சக அறிஞர் மதிப்பீடு’ எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒருவர், ஓயாமல் மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை செய்த ஒரு கணினி இதழுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். அமெரிக்கர்கள் இருவர் வேடிக்கைக்காக எப்போதோ எழுதிவைத்தது. பத்துப் பக்கம். முழுக்க ஒரே வாக்கியம். ‘என் பெயரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலையுங்கள்’ என்பதுதான் அதன் நாகரிகமான சாரம். இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் ‘மிகச் சிறப்பு’ என்று குறித்திருந்தார். 150 டாலர் கட்டச் சொன்னார்கள்.

மானியக்குழு விழித்தது. விழித்து என்ன செய்தது? அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றைப் போட்டது. பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களில் எந்த ஆய்வுத் தரவுத்தளத்திலும் இல்லாதவற்றை ஆய்வாளர் பூஷண் பட்வர்தனின் குழு அலசியது. 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்று 2018இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதியது. அதே ஆண்டு மே மாதம் ஒரே வீச்சில் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டன. தூக்கியது சரி. சேர்த்தது யார்? பரிந்துரைத்த துணைவேந்தர்களின் பெயர் எங்கே? அந்த இதழ்களைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் சம்பளம் ஒரு ரூபாயாவது குறைந்ததா? பிறகு ‘கேர்’ என்று ஒரு பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைகழுவிவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாமே பார்த்துக்கொள்வதாக இருந்தால் நீங்கள் எதற்கு?

2022இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்று விதியை மாற்றினார்கள். பழக்கம் மாறவில்லை. இன்று வாட்ஸ்அப் குழுக்களில் கட்டுரையின் ஆசிரியர் இடம் விற்பனைக்கு வருகிறது. முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காவது பெயருக்கு ஒரு விலை. ரயிலில் கீழ்ப் படுக்கைக்குக்கூட அப்படி வெளிப்படையாக விலை சொல்ல மாட்டார்கள்.

தனியார் கல்லூரிகள் இந்த விளையாட்டில் அரசாங்கத்தையே மிஞ்சியவை. சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே இளநிலை மாணவர்களைத் தேர்வறையில் உட்கார வைத்து, நான்கு மணி நேரத்தில் 1,500 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கிறார்கள் என்றும், கட்டுரைகள் அதே கல்லூரியின் கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக் குவிகின்றன என்றும் 2023இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழ் எழுதியது. மேற்கோள் பெருகினால் தரவரிசையில் ஏறலாம். தரவரிசையில் ஏறினால் கட்டணத்தை ஏற்றலாம். கட்டுவது அப்பா. தேசியத் தரவரிசை 2016இலிருந்து வெளிவருகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாமே என்ற ஞானோதயம் 2025இல்தான் வந்தது. அதுவரை பொய்க்கும் முழு மதிப்பெண்.

உண்மையிலேயே ஆராய்ச்சி செய்ய நினைக்கும் ஒரு பெண் இந்த நாட்டில் என்ன ஆகிறாள் என்று பார்ப்போம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் தேர்வு வழியான உதவித்தொகை இல்லாமல் முனைவர் ஆய்வு செய்தால் மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக நகராத தொகை. 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் மானியக்குழு வாசலில் படுத்துத் தடுத்தார்கள். நெட் தேறி 37,000 வாங்குபவருக்கோ அது எந்த மாதம் வரும் என்பதே தனி ஆராய்ச்சி. விடுதிக்குப் பணம் கட்டக் கடன் வாங்கி, வட்டி கட்டி, அதற்கிடையில் ஆய்வகத்தில் செல்களை வளர்க்க வேண்டும்.

2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தினார்கள். அச்சுப்பிழை இல்லை. நூற்றைம்பது. யாரோ ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் எத்தனால் இறக்குமதி செய்தார்களாம், அவர்களைப் பிடிக்க நாட்டின் எல்லா ஆய்வகங்களுக்கும் அடி. விஞ்ஞானிகள் அலறிய பிறகு சில நாட்களில் பழைய விகிதத்துக்கே இறங்கினார்கள். ஆகஸ்டில் இன்னொரு கூத்து. வாங்கிய ஆராய்ச்சி நிதிக்கு ஜிஎஸ்டி கட்டவில்லை என்று டெல்லி ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ். அரசே கொடுத்த பணத்துக்கு அரசே வரி கேட்டது. செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விலக்கு அளித்தது. விலக்கு அளித்ததற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம். தென்கொரியா நான்கு சதவீதத்துக்கும் மேல். இந்த 0.64-ஐ வைத்துக்கொண்டுதான் மேடைக்கு மேடை ‘விஸ்வகுரு’. குருவுக்கு லேப் கோட் வாங்கக் காசில்லை.

ஏழ்மையில் ஆராய்ச்சி நடக்காது என்று இல்லை. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் அமைப்பைக் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கையில் இருந்தது ஒரு கங்காருவின் வால் தசைநார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் போட்ட வரைபடம் இல்லாமல் இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பு ஆய்வும் நகராது. அவருக்குப் புள்ளி கணக்கிட யாரும் இல்லை, பிழைத்தார். அதே பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியது. 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி, ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் காலியாகவே கிடந்தது. யார் தேடல் குழுவில் யாரைப் போடுவது என்ற ஆராய்ச்சி மட்டும் தடையின்றி நடந்தது. அதற்கு நிதிப் பற்றாக்குறையே வரவில்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை ப்ராஜெக்டுக்கு என்று பணம் கேட்டால் கொடுங்கள். பாவம், வேறு வழியில்லை. ஆனால் ரசீது வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் எந்த சென்டரின் பெயர் இருக்கிறதோ, அந்த ரசீதைக் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாலு வருஷம் கட்டிய கட்டணத்தில் அந்தத் தொகையைக் கழித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பாடம் நடத்தியது அவர்கள் இல்லையே.