ஹாலைக் காலி செய்த கதை

டெலிவிஷனைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பெயர்டு என்பார்கள், அமெரிக்கர்கள் ஃபார்ன்ஸ்வொர்த் என்பார்கள். அடித்துக்கொள்ளட்டும். நான் கும்பிடும் சாமி வேறு. ஒரே படத்தை ஊரில் உள்ள பல டிவிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அந்த வழியில் சொந்த வீட்டு ஹாலை மீட்டுக்கொண்ட மகான். பெயர் எட் பார்சன்ஸ்.

ஊர், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் அஸ்டோரியா. மீனும் மழையும் அங்கே தாராளம். டிவி மட்டும் கிடையாது. பார்சன்ஸ் சின்னதாக ஒரு வானொலி நிலையம் வைத்திருந்தார். 1947ல் மனைவி கிரேஸ் அம்மாளைச் சிகாகோவில் நடந்த ஒலிபரப்பாளர் மாநாட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். அங்கே அம்மாள் டெலிவிஷனைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும், நம் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்றார்.

மிக அருகில் டிவி நிலையம் வரப்போவது சியாட்டிலில். தூரம் 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர். நடுவில் மலைகள். டிவி அலைக்கு மலையேறத் தெரியாது, நேர்கோட்டில்தான் போகும். வேறு கணவராக இருந்தால் இந்த அறிவியலைச் சொல்லித் தப்பித்திருப்பார். பார்சன்ஸ் இன்ஜினீயர். கருவியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று ஊர் முழுக்க அலைந்தார். எண்பதுகளில் நம் ஊரில் மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... போச்சு போச்சு, பழைய இடத்துக்கே வா" என்று கத்துவார் இல்லையா? அதே வேலையைக் காரில் செய்தார்.

கடைசியில் சிக்னல் சிக்கிய இடம் அவர் குடியிருந்த வீட்டுக்கு எதிரிலேயே இருந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஹோட்டலின் மொட்டை மாடி. எட்டு மாடிக் கட்டடம். அங்கே ஆன்டெனா நட்டு, தெருவுக்குக் குறுக்கே கோஆக்சியல் கேபிள் இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1948 நவம்பர் 25, சியாட்டில் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள், அஸ்டோரியாவில் ஒரே ஒரு வீட்டில் படம் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1975 ஆகஸ்ட் 15ல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, தெருவில் முதலில் டிவி வாங்கிய வீட்டின் கதி நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் அந்த வீட்டு வாசலில் கிடந்த செருப்பை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். வீட்டுக்காரருக்கு உட்கார இடம் இருக்காது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவரிடமே யாராவது சொல்வார்கள்.

அஸ்டோரியாவிலும் அதேதான். தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பார்சன்ஸ் வீட்டு ஹால் நிரம்பியது. அந்த வாரங்களில் கிரேஸ் அம்மாள் எத்தனை முறை காபி போட்டார் என்பதை எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் எப்போதும் அப்படித்தான், காபி குடித்த கட்சி.

பார்சன்ஸ் தந்திரமாக ஹோட்டல் வரவேற்புக் கூடத்துக்கு ஒரு கேபிள் இறக்கி அங்கே ஒரு டிவியை வைத்தார். கூட்டம் அங்கே போனது. அறை எடுக்க வந்தவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. அடுத்து எதிரே இருந்த இசைக் கருவிக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார்கள். கூட்டம் தெருவை அடைத்தது. போலீஸ் வந்தது. ஒரு டிவியை எங்கே நகர்த்தினாலும் கூட்டமும் கூடவே நகர்கிறது, ஆகவே அவரவர் வீட்டுக்குக் கேபிள் கொடுத்து அவரவரை அவரவர் வீட்டில் உட்கார வைப்பதுதான் ஒரே வழி என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இணைப்புக்கு 125 டாலர். மைலுக்கு ஒரு டாலர் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ.

எந்த முதலுக்கும் பங்காளித் தகராறு உண்டு. பென்சில்வேனியாவின் மகனாய் சிட்டியில் ஜான் வால்சன் என்று ஒரு மின்சாதனக் கடைக்காரர். மலைகளுக்கு நடுவே ஊர். கடையில் டிவி இருக்கிறது, படம் தெரியவில்லை. படம் தெரியாத பெட்டியை யார் வாங்குவார்கள்? மலைமேல் ஆன்டெனா நட்டு, வாடிக்கையாளரை அங்கேயே கூட்டிப் போய்க் காட்டினார். கால் வலித்ததும் கேபிளைக் கடைக்கே இழுத்துவிட்டார். 1948 ஜூன் மாதமே செய்துவிட்டேன், நான்தான் முதல் என்பது அவர் கட்சி. ஆதாரக் காகிதம் எங்கே என்றால், தீயில் எரிந்துவிட்டதாம். பாகப்பிரிவினை வழக்கு பார்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

இவர்கள் இருவரையும் வாழ வைத்தது அமெரிக்க அரசு, அதுவும் ஒன்றுமே செய்யாமல். அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று 1948 செப்டம்பரில் புதிய நிலையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு என்றார்கள். 1952 வரை இழுத்தது. (ஃபைல் எந்த நாட்டிலும் ஃபைல்தான்.) புது நிலையம் வராது, பழையது எட்டாது என்ற ஊர்களிலெல்லாம் கேபிள் பரவியது. பார்சன்ஸ் மட்டும் கொஞ்ச வருடங்களில் அஸ்டோரியாவை விட்டு அலாஸ்காவுக்குப் போய்விட்டார். மனித நடமாட்டமே குறைந்த பிரதேசம். காரணம் அவருக்குத்தான் தெரியும் என்றாலும் அந்த ஹாலை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தது தொண்ணூறுகளில். வேப்ப மரத்தில் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியே நுழைந்தது. 2006ல் ஆட்சிக்கு வந்த அரசு வாக்களித்தபடியே இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது, எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. ஏற்கெனவே டிவி இருந்த வீட்டில் இன்னொரு டிவி. தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களில் மாமியார் மருமகள் சண்டை அந்த 14 அங்குலத்தால் தீர்ந்தது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் முனைவர் பட்டம் நிச்சயம்.

ஆனால் கேபிள் ஒன்று, டிவி இரண்டு. அப்பா கடைத்தெருவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி வந்தார். சிக்னலை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிதான் வரும். அப்பா நியாயஸ்தர், பாதிப் பாதியாகத்தான் பிரித்தார். ஹாலில் அரைகுறைப் படம், உள்ளறையில் எறும்புப் புற்று.

"ஏண்ணே, ரெண்டு பக்கமும் தெரியலையே?" என்றார் அம்மா, கேபிள்காரரிடம்.

"தெரியுதுல்ல அக்கா, லேசா? ஒரு பூஸ்டர் போட்டா பளிச்சுன்னு ஆயிடும்."

பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத் தூக்கியது. எறும்புகள் கட்டெறும்புகள் ஆயின.

பிறகு செட்டாப் பாக்ஸ் காலம். டிவிக்கு ஒரு பாக்ஸ், பாக்ஸுக்கு ஒரு சந்தா. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஹாலில் பாக்ஸ், அதிலிருந்து உள்ளறை டிவிக்கு நீளமாக ஒரு ஒயர். படம் இரண்டிலும் அருமை. ஒரே குறை, இரண்டிலும் ஒரே சேனல். ரிமோட் அப்பா கையில். சீரியலில் கதாநாயகி விஷம் கலந்த பாலை உதட்டருகே கொண்டுபோகும்போது உள்ளறையில் சட்டென்று சட்டசபைச் செய்தி வரும். "யாரு மாத்தினது?" என்று அம்மா குரல் கொடுப்பார். வீட்டில் வேறு யாரும் இல்லாத நாளிலும் அப்பா பதில் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் நான் கம்ப்யூட்டர் ஞானத்தோடு உள்ளே புகுந்தேன். அதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 2002ல் சில கில்லாடிகள் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியை உடைத்து அதில் படம் ஓட வைத்தார்கள். அதுதான் வளர்ந்து கோடி என்ற மென்பொருள் ஆனது. பெயரைக் கேட்டு அப்பா, "எவ்வளவு கோடி?" என்றார். இலவசம் என்றதும் நம்பிக்கை இழந்தார். 2003ல் சோனி முதலான பெரிய கம்பெனிகள் கூடி டிஎல்என்ஏ என்று ஒரு சங்கம் அமைத்தன. இனி எல்லார் டிவியும் எல்லார் கம்ப்யூட்டரும் ஒரே பாஷை பேசும் என்றார்கள். பேசின. கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த சம்பந்திகள் பேசுகிற அளவுக்கு. படம் வந்தால் ஒலி வராது, ஒலி வந்தால் சப்டைட்டில் வராது. 2017ல் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள்.

நான் நம்பியது ஜெல்லிஃபின். 2018ல் எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டதும், கோபித்துக்கொண்ட சிலர் பழைய நிரலைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் இது. பழைய லேப்டாப்பில் போட்டு, அப்பா சேர்த்து வைத்திருந்த படங்களை ஏற்றி, மூன்று டிவிக்கும் வைஃபையில் விட்டேன். ஹாலில் ஓடியது. உள்ளறையில் சுற்றியது. மாடியில் தம்பி வீட்டு டிவிக்கு இந்தப் படக் கோப்பு ஜீரணமாகவில்லை, ஆகவே லேப்டாப் அதை அந்த நிமிஷமே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பியது. டிரான்ஸ்கோடிங் என்பார்கள். வடித்த சோற்றைக் குழைய வேகவைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிற வேலை. லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் அம்மா வெளியே வந்து மிக்ஸியை நிறுத்தப் போனார்.

தாத்தா காலத்துச் சுவர்கள் எங்களுடையவை. ஒன்றரை அடிக் கனம். வைஃபைக்கும் மலையேறத் தெரியாது. கடைசியில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துளை போட்டு, மாடிப்படி ஓரமாக லேன் கேபிள் இழுத்தேன். அப்பா கீழே நின்று, "இன்னும் கொஞ்சம்... போச்சு போச்சு" என்றார். அது ஆன்டெனா இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

அன்று இரவு எல்லாம் சரியாக ஓடியது. யார் எந்தப் படம் பார்க்கிறார்கள் என்று ஜெல்லிஃபின் காட்டும். பெருமையாகத் திறந்து பார்த்தேன். ஹால்: தில்லானா மோகனாம்பாள். உள்ளறை: தில்லானா மோகனாம்பாள். மாடி: தில்லானா மோகனாம்பாள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னே பின்னே ஆரம்பித்திருந்தார்கள். மாடியிலிருந்து ஒரு சிரிப்பு இறங்கியது.

"என்னடா, நாகேஷ் வந்தாச்சா அங்கே?" என்று ஹாலிலிருந்து அப்பா கத்தினார்.

"வந்தாச்சுப்பா! உங்களுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு."

"மெல்லச் சிரிங்கடா," என்றார் அம்மா உள்ளறையிலிருந்து. "எனக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."