மெத்தூசலாவுக்கு ஒரு டம்ளர் சூப்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் வயதில் பத்து கூடிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் மேலே முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் முளைத்த கிழங்கு. தோலைச் சீவி நறுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார்கள்.

“குடிங்க சார், நூறு வயசு கேரண்டி” என்றார் கடைக்காரர்.

நூறா? பைபிளில் அது பால் மணம் மாறாத வயசு. ஆதாம் 930, யாரேத் 962, மெத்தூசலா 969. நோவா பிள்ளை பெறவே 500 வயதாயிற்று; மாமியார் என்னென்ன பேசியிருப்பாரோ! தமிழ் பைபிளிலோ தலைமுறை தலைமுறையாக ஆண்களே ‘பெற்றான், பெற்றான்’ என்று பெற்றுத் தள்ளுகிறார்கள். மெத்தூசலாவுக்கு 187-இல் லாமேக்கு, லாமேக்குக்கு 182-இல் நோவா, நோவாவின் 600-இல் ஜலப்பிரளயம். கூட்டினால் சரியாக 969. வெள்ளம் வந்த வருஷமேதான் தாத்தா போயிருக்கிறார். யானைக்கும் ஓணானுக்கும் இடம் போட்ட பேரன், தாத்தாவுக்கு ஒரு சீட் போட்டானா என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளம் வடிந்ததும் சேம், காம், யாப்பேத் மூவரும் உலகத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இங்கேயும் மூவர்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் வழியில்தான் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலையின் மலையாளிகள் (கேரளாவுக்குச் சம்பந்தமில்லை) வந்ததாகக் கதை. அண்ணன் தம்பிகளின் வயதை யாரும் குறித்துவைக்கவில்லை. யார் பங்காளி, எந்த மலை யாருக்கு என்பது தெரிந்தால் போதாதா? அங்கேயும் வம்சம்தான் பேசும்: பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்களில் வம்ச அட்டவணையைக் காட்ட முடியாதவர்களை ஆசாரிய வேலையிலிருந்தே தள்ளிவிட்டதாக எஸ்றா ஆகமம் சொல்கிறது. சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயுளிலும் நாம் இளைத்தவர்களா என்ன? அதியமான் கொடுத்த ஒரு நெல்லிக்கனியைத் தின்றுவிட்டு, சங்க காலத்திலும் பாடி, ஆயிரம் வருஷம் கழித்து ஆத்திசூடியும் எழுதியவர் ஔவை. இரண்டு ஔவைகள் என்பார்கள் புலவர்கள். விடுங்கள், மெத்தூசலாவை 31 வருஷத்தில் முந்தியாயிற்று. பாவம், கனி கொடுத்தவன் போரில் செத்தான். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்த இந்த மலையின் தலைவன் ஓரியையோ காரி என்ற இன்னொரு தலைவன் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான்.

“உங்களுக்கு என்ன வயசுங்க?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

கரண்டி நின்றது. “ஆதார்லயா சார், நெசத்துலயா?”